அறுவடைக்குப் பின் வீட்டுக்குள் வரும் எலிகள்: பிள்ளைகளுக்கு ஆபத்தில்லாமல் விரட்டும் வழிகள்

சம்பா அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் வீட்டுக்கு வந்து சேரும் தை, மாசி மாதங்களில்தான் கிராமத்து வீடுகளில் எலித் தொல்லையும் உச்சத்துக்குப் போகிறது. கதிர் நின்றவரை வயலிலேயே தின்று, வரப்பில் வளை தோண்டி வாழ்ந்த எலிகளுக்கு அறுவடை முடிந்ததும் அங்கே தீனியும் இல்லை, மறைவும் இல்லை. வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, வீடு என்று படிப்படியாக உள்ளே வருகின்றன. ஏற்கெனவே வீட்டில் குடியிருக்கும் சுண்டெலிகளுக்கோ மூட்டை வந்து இறங்கிய நாளே விருந்து.

எலி ஓடுவதைப் பார்த்ததும் பலரும் முதலில் தேடுவது மருந்தைத்தான். பெட்டிக்கடையில் வாங்கிய எலிப் பசையைத் தேங்காய்ச் சில்லிலோ பிஸ்கட்டிலோ தடவி, அடுப்படி மூலையில் வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். காலையில் எலி செத்ததா என்று பார்ப்பவர்கள், மீதமிருந்த துண்டு எங்கே போனது என்று பார்ப்பதில்லை. தவழும் குழந்தைக்கு அது பிஸ்கட்தான். கோபத்தில் இருக்கும் இளம் வயதினருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் விஷமும் அதுதான். நெல்லைக் காக்க வாங்கியது வீட்டில் ஓர் உயிரைக் கொண்டுபோன துயரம் தமிழ்நாட்டில் பலமுறை நடந்திருக்கிறது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசைக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்திருப்பதும் இதனால்தான்.

வீட்டு எலியை மருந்தே இல்லாமல் கட்டுப்படுத்த முடியும். அதற்கு வேண்டியது ஒரு வார உழைப்பும், கொஞ்சம் சிமென்ட்டும், சில பொறிகளும்தான்.

வந்திருப்பது எது?

விரட்டுவதற்கு முன், வந்திருப்பது எந்த எலி என்று தெரிந்துகொள்ள வேண்டும். எலிக்கு எலி குணம் வேறு.

சுண்டெலி மிகச் சிறியது. எடை 15 முதல் 25 கிராம்தான் இருக்கும். அதன் புழுக்கை, நுனி கூர்மையாக, அரிசி மணியைவிடச் சிறியதாக இருக்கும். இது அலமாரி, பரண், மூட்டை இடுக்கு, பழந்துணி ஆகியவற்றில் கூடு கட்டும். கூட்டிலிருந்து பெரும்பாலும் 10 மீட்டருக்குள்ளேயே சுற்றி வரும்.

வீட்டு எலி இதைவிடப் பல மடங்கு பெரியது. வால் உடலைவிட நீளமாக இருக்கும். நன்றாக ஏறும். கூரை, ஓட்டுச் சந்து, தென்னை மரம் ஆகியவை இதன் இருப்பிடம்.

பெருச்சாளி மண்ணைத் தோண்டி அடித்தளத்தையே குடைந்துவிடும். கொட்டகை ஓரத்திலும் குப்பைமேட்டிலும் பெரிய வளையும் தள்ளிவிட்ட மண்ணும் இருந்தால், அது பெருச்சாளியின் வேலை.

மூஞ்சூறு எலியே அல்ல. நீண்ட மூக்கும், கீச்சென்ற சத்தமும், ஒரு வாடையும் அதன் அடையாளம். கரப்பான், பூச்சி, புழுக்களைத்தான் அது முக்கியமாகத் தின்கிறது. நெல்லுக்கு அதனால் பெரிய சேதம் இல்லை. அதைக் கொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு தின்னும், எவ்வளவு கெடுக்கும்?

ஒரு சுண்டெலி ஒரு நாளைக்குச் சுமார் 3 கிராம் தின்னும். ஒரு வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 1 கிலோ. 20 சுண்டெலி இருந்தால் 20 கிலோ. இது மட்டும்தான் நட்டம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு சுண்டெலி ஒரு நாளில் 50 புழுக்கைக்கு மேல் போடும். அந்த 20 எலிகள் ஒரே நாளில் 1,000 புழுக்கைகளை நெல்லிலும் அரிசியிலும் பருப்பிலும் கலந்துவிடுகின்றன. போகிற வழியெல்லாம் சிறுநீரைச் சொட்டிக்கொண்டே போகின்றன. தின்றதைவிடக் கெடுத்ததுதான் அதிகம்.

சினைக்காலம் சுமார் 20 நாள். ஒரு ஈற்றுக்கு 5, 6 குட்டிகள். அந்தக் குட்டிகளும் இரண்டு மாதத்துக்குள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். தை மாதம் ஒரு ஜோடியை அலட்சியமாக விட்டால், ஆடிக்குள் ஒரு கூட்டமே சேர்ந்துவிடும்.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தேய்க்க எதையாவது கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் சாக்கு, பிளாஸ்டிக் டப்பா, மின் வயர், பம்புசெட் ஸ்டார்ட்டர் பெட்டி எதுவும் தப்புவதில்லை. கடிபட்ட வயரால் மின்கசிவும் தீயும் உண்டாகலாம்.

நோய் இன்னொரு பக்கம். எலியின் சிறுநீரில் உள்ள கிருமி, தேங்கிய நீர், சேறு வழியாகக் காலில் உள்ள வெடிப்பிலும் புண்ணிலும் நுழைந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். எலிகளின் உடலில் ஒட்டி வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் கடிப்பதால் வருவது ஸ்க்ரப் டைஃபஸ் எனும் உண்ணிக் காய்ச்சல். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு தெரியும். இரண்டுக்கும் நல்ல மருந்து உண்டு. காய்ச்சல் வந்தால், "வீட்டில் எலி இருக்கிறது, சேற்றில் வேலை செய்கிறேன்" என்று மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வரி சரியான சிகிச்சை சீக்கிரம் கிடைக்க உதவும்.

எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வீட்டோரம் வருவது பெரும்பாலும் எலியைத் தேடித்தான். எலியைக் குறைத்தால் பாம்புக்கடி பயமும் குறையும்.

முதல் வேலை: தீனியை எட்டாமல் வைப்பது

எலிக்குத் தீனி கிடைக்கும்வரை எந்தப் பொறியும் முழுப் பலன் தராது. வீடு நிறைய நெல் கிடக்கும்போது பொறிக்குள் இருக்கும் ஒரு துண்டு வடைக்கு ஏன் வரப்போகிறது?

நெல்லை நன்றாகக் காயவைத்து, ஈரப்பதம் 12 முதல் 13 சதவீதத்துக்கு வந்த பிறகு சேமிக்க வேண்டும். மூட்டைகளைத் தரையில் நேரடியாக அடுக்கக் கூடாது. மரச்சட்டம் போட்டு, சுவரிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி தள்ளி அடுக்க வேண்டும். ஆள் நடந்து பார்க்க இடம் இருந்தால் புழுக்கை, சிந்திய நெல், புதுத் துளை எல்லாம் அன்றாடம் கண்ணில் படும். சுவரோடு ஒட்டி அடுக்கினால் எலிக்கு அதுவே மறைவான சாலை.

முந்தைய தலைமுறை பத்தாயத்திலும் குதிரிலும் குலுக்கையிலும் நெல்லைக் கொட்டி, வாயை மூடி மெழுகியது பூச்சிக்கு மட்டுமல்ல, எலிக்கும் சேர்த்துத்தான். இன்று அந்த இடத்தைத் தகரக் குதிர் நிரப்புகிறது. விதை நெல்லுக்கும் பருப்புக்கும் மூடி இறுகிய தகர டிரம் போதும். பிளாஸ்டிக் டிரம்மின் விளிம்பை எலி கடித்துவிடும்.

தனியாகச் சேமிப்புக் கொட்டகை கட்டுபவர்கள், தரையிலிருந்து 3 அடி உயரத்தில் கால் நிறுத்திக் கட்டலாம். ஒவ்வொரு காலிலும் கவிழ்த்த புனல்போலத் தகரம் அடித்தால் எலி ஏற முடியாது. கொட்டகையில் ஏணியைச் சாத்தியே வைத்திருந்தால் இந்தச் செலவு வீண்.

இரவில் கவனிக்க வேண்டியவை இவை: சோற்றுப் பானையும் எச்சில் தட்டும் திறந்து கிடக்கக் கூடாது. நாய்க்கு வைத்த சோறு, கோழிக்குப் போட்ட குருணை, மாட்டுக்குக் கரைத்த தவிடு ஆகியவற்றில் மீதம் இருந்தால் எடுத்துவிட வேண்டும். வீட்டு எலிக்குத் தண்ணீர் அவசியம் என்பதால் வாளி, தொட்டிகளை மூடி வைக்க வேண்டும். சுண்டெலி தீனியில் இருக்கும் ஈரத்தைக் கொண்டே சமாளித்துக்கொள்ளும். அதற்குத் தீனியை மறைப்பதுதான் வழி.

இரண்டாவது வேலை: வழியை அடைப்பது

ஒரு பென்சில் நுழையும் ஓட்டை இருந்தால் சுண்டெலி நுழைந்துவிடும். சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி அதற்குப் போதும். வீட்டைச் சுற்றி ஒருமுறை இந்தக் கண்ணோடு நடந்து பார்த்தால்தான் எத்தனை வாசல்கள் இருக்கின்றன என்பது தெரியும். கதவின் கீழ்ச்சந்து, சாக்கடைக் குழாய், வயர் போகும் துளை, ஜன்னல் மூலை, ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளி ஆகியவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எந்த ஓட்டையில் நடமாட்டம் இருக்கிறது என்று தெரியாவிட்டால், எல்லாவற்றிலும் காகிதத்தைச் சுருட்டி அடைத்துவிட்டு மறுநாள் காலையில் பார்க்கலாம். காகிதம் தள்ளப்பட்டிருந்தால் அது ஓடும் வழி. சுவரோரம் சாம்பலைத் தூவி வைத்தாலும் கால்தடம் காட்டிக்கொடுக்கும்.

சுவர் ஓட்டைகளைச் சிமென்ட்டும் உடைந்த கண்ணாடித் துண்டும் கலந்து அடைக்க வேண்டும். சிறு துளைகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பிச்சுருளைத் திணித்து மேலே சிமென்ட் பூசலாம். துணி, மண், மரத்தூள் ஆகியவற்றால் அடைத்தால் ஒரே இரவில் கடித்துத் திறந்துவிடும். கதவின் அடியில் தகரப் பட்டை அடிக்க வேண்டும். சாக்கடைக்கும் காற்றுத் துளைக்கும் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை போதும். கூரையைத் தொடும் மரக்கிளைகளை 1 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி வெட்டிவிட வேண்டும்.

கீற்றுக் கூரை வீட்டில் எல்லா வழியையும் அடைக்க முடியாதுதான். அங்கே தானியத்தைத் தகரத்துக்குள் பத்திரப்படுத்துவதும், வீட்டைச் சுற்றி 10 அடிக்கு விறகு, வைக்கோல், குப்பை இல்லாமல் வெளியாக வைப்பதும் பாதி வேலையை முடித்துவிடும். திறந்த வெளியைக் கடக்க எலிக்குப் பயம்.

மூன்றாவது வேலை: பொறி வைப்பது

வெளிவழியை அடைத்த பிறகு பொறி வைத்தால், உள்ளே இருப்பவற்றை மட்டும் பிடித்தால் போதும். அடைக்காமல் வைத்தால் பிடிக்கப் பிடிக்கப் புதிது வரும்.

எலி சுவரை உரசிக்கொண்டேதான் ஓடும். அறை நடுவில் பொறி வைப்பதில் பயனில்லை. தட்டிப் பிடிக்கும் மரப்பொறியைச் சுவருக்குக் குறுக்காக, தீனி வைக்கும் முனை சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். சுண்டெலி குறைந்த தூரமே நடமாடுவதால் 2 மீட்டருக்கு ஒரு பொறி தேவை. ஒரு பொறியைப் பத்து நாள் வைப்பதைவிடப் பத்துப் பொறியை ஒரே இரவில் வைப்பது நல்ல பலன் தரும். அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியாவது எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

மசால் வடை, சுட்ட தேங்காய், கருவாடு, வறுத்த நிலக்கடலை எல்லாமே நல்ல தீனிதான். பட்டாணி அளவு வைத்தால் போதும். பெரிய துண்டாக வைத்தால் பொறியில் சிக்காமல் இழுத்துக்கொண்டு போய்விடும்.

சுண்டெலி புதிய பொருளைக் கண்டால் அருகில் போய் ஆராயும். முதல் இரவிலேயே சிக்கும். வீட்டு எலி அப்படியல்ல. புதிதாக எதைக் கண்டாலும் சந்தேகப்பட்டு ஒதுங்கும். அதனால் பெரிய எலிக்குப் பொறியை 2, 3 நாள் விசை ஏற்றாமல் தீனி மட்டும் வைத்துப் பழக்கி, பிறகு விசையை ஏற்ற வேண்டும்.

வாய் குறுகிய பானையைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, பாதி தண்ணீர் ஊற்றி, மேலே உமியும் கொஞ்சம் பொரியும் தூவி வைக்கும் பானைப் பொறி களத்துமேட்டுக்கும் கொட்டகைக்கும் ஏற்றது. பசை அட்டையில் ஒட்டிய எலி நெடுநேரம் துடித்துச் சாகும். ஓணானும் குருவியும்கூட அதில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தவிர்ப்பதே நல்லது.

செத்த எலியை வெறுங்கையால் தொடக் கூடாது. பாலித்தீன் பையைக் கையில் மாட்டி எடுத்து, 2 அடி ஆழத்தில் புதைக்க வேண்டும். புழுக்கையைக் காய்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்கினால் தூசியோடு கிருமியும் மூக்குக்குள் போகும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளித்து, 10 நிமிடம் ஊறவிட்டுத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

மருந்துதான் வேண்டும் என்றால்

கொட்டகையிலும் களத்திலும் எலி மிக அதிகமாகி, பொறியால் சமாளிக்க முடியாத நிலையில் மட்டுமே மருந்தை நினைக்க வேண்டும். அப்போதும் எல்லா மருந்தும் ஒன்றல்ல.

மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கு மாற்று மருந்தே கிடையாது. எங்காவது ஒளித்து விற்றாலும் வாங்கக் கூடாது. பழைய குழாய் வீட்டில் இருந்தால் அதை இன்றே பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்து, வேளாண்மை அலுவலரிடம் கேட்டு அப்புறப்படுத்த வேண்டும்.

துத்தநாக பாஸ்பைடு கறுப்பு நிறப் பொடி. ஈரம் பட்டால் விஷவாயு கக்கும். இதற்கும் மாற்று மருந்து இல்லை. இது வயலுக்கானது. அங்கும் வேளாண்மைத் துறை அலுவலரின் மேற்பார்வை தேவை.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் எந்தக் காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. மூட்டைக்குள் ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டு அதே அறையில் படுத்துத் தூங்குவது தற்கொலைக்குச் சமம். 2024-இல் சென்னைப் புறநகர் வீடு ஒன்றில் எலிக்கு மருந்து வைத்த அறையில் குடும்பத்தோடு உறங்கிய இரண்டு குழந்தைகள் இறந்தே போனார்கள். மூடிய அறையில் காற்றே எமனாக மாறிவிடும்.

புரோமடையலோன் 0.005 சதவீத வில்லை மற்றவற்றைவிட ஆபத்து குறைந்தது. இது ரத்தம் உறைவதைத் தடுத்து, சில நாள் கழித்து எலியைக் கொல்கிறது. மனிதர்களோ கால்நடையோ தின்றுவிட்டால் வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு. இதையும் திறந்து வைக்கக் கூடாது. 2 அடி நீள பி.வி.சி. குழாயின் நடுவில் வைத்து, சுவரோரம் கட்டிவிட வேண்டும். எத்தனை வில்லை வைத்தோம் என்று எழுதி வைத்து, மீந்ததை எண்ணி எடுக்க வேண்டும். செத்த எலியைப் பூனையோ நாயோ தின்றுவிடாமல் தினமும் தேடிப் புதைக்க வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் இதுவும் வேண்டாம்.

தவறுதலாகத் தின்றுவிட்டால்

எலி மருந்து வாய்க்குள் போனதாகச் சந்தேகம் வந்தாலே 108-ஐ அழைத்து, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்தின் டப்பாவையும் உறையையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். எது என்று தெரிந்தால்தான் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியும்.

உப்புக் கரைசல், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பாலும் எண்ணெயும் கொடுக்கக் கூடாது. கொழுப்பு சேர்ந்தால் பாஸ்பரஸ் இன்னும் வேகமாக உடலில் சேரும்.

பாஸ்பரஸ் பசையில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. முதல் நாள் வாந்தி, வயிற்றுவலி வந்து, அடுத்த ஓரிரு நாள் எல்லாம் சரியானதுபோல் தோன்றும். "பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான்" என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். அந்த அமைதியான நாட்களில்தான் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். மூன்றாம், நான்காம் நாளில் மஞ்சள் காமாலையோடு திரும்பும்போது நிலைமை கைமீறியிருக்கும். மருத்துவர் அனுப்பும்வரை மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும்.

ஊர் கூடினால் பலன்

ஒரு வீட்டில் விரட்டிய எலி அடுத்த வீட்டில்தான் போய் நிற்கும். ஒரு தெருவே சேர்ந்து ஒரே வாரத்தில் ஓட்டை அடைத்து, பொறி வைத்தால் பலன் பல மாதம் நிற்கும். வயலில் தீனி இல்லாத கோடைக்காலம் இதற்கு ஏற்றது. வயலில் தஞ்சாவூர் கிட்டி வைப்பது, வளை வெட்டுவது, ஆந்தை உட்கார டி வடிவக் குச்சி நடுவது ஆகியவற்றையும் அதோடு சேர்த்துச் செய்யலாம். ஆந்தையும் கூகையும் சாரைப்பாம்பும் உழவருக்குக் கூலி கேட்காத காவலாளிகள். அவற்றை அடித்துக் கொல்வது எலிக்கு உதவி செய்வதுதான்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: பூனை வளர்த்தால் போதாதா?

பதில்: பூனை நடமாடும் வீட்டில் எலி குறையும். ஆனால் மூட்டை இடுக்கிலும் சுவருக்குள்ளும் இருக்கும் சுண்டெலியைப் பூனையால் எட்ட முடியாது. ஓட்டை அடைப்பதும் தீனியை மூடுவதும் அவசியம். பூனை வளர்க்கும் வீட்டில் எலி மருந்து கூடவே கூடாது.

கேள்வி: நெல் மூட்டையில் நொச்சி, வேப்பிலை போட்டால் எலி வராதா?

பதில்: அவை சேமிப்புப் பூச்சிகளுக்கு ஓரளவு தடையாக இருக்கும். எலியைத் தடுக்காது.

கேள்வி: ஒலி எழுப்பி எலியை விரட்டும் மின்கருவி பலன் தருமா?

பதில்: முதல் சில நாள் விலகும். பிறகு அந்த ஒலிக்குப் பழகிவிடும். சுவரையும் மூட்டையையும் தாண்டி அந்த ஒலி போவதும் இல்லை. அந்தப் பணத்துக்குத் தகர டிரம் வாங்கலாம்.

கேள்வி: தூங்கும்போது குழந்தையை எலி கடித்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்த ஊசி தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்வார். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் புண்ணில் வைக்க வேண்டாம்.

கேள்வி: எலி புகுந்த மூட்டையில் உள்ள அரிசியைச் சமைக்கலாமா?

பதில்: புழுக்கையும் சிறுநீர் வாடையும் கலந்த மேல் பகுதியையும் ஓட்டையைச் சுற்றியுள்ள பகுதியையும் ஒதுக்கிவிடுங்கள். மற்றதைப் புடைத்து, வெயிலில் காயவைத்து, பலமுறை கழுவி, நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். அருகில் எலி மருந்து வைத்திருந்த மூட்டை என்றால் யோசிக்கவே வேண்டாம். மனிதருக்கும் வேண்டாம், மாட்டுக்கும் கோழிக்கும் வேண்டாம், குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.